கூண்டோடு கேஸ் போடுவதா? சங்கத்துக்குப் போவதா? வேலைத் தகராறில் எந்தக் கதவு திறக்கும்?

நெம்மேலி என்றால் சென்னைக்காரர்களுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையம் 2013-ல் இங்கே வந்தது. தினமும் 10 கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் இன்னொரு நிலையமும் திறக்கப்பட்டது. அது 15 கோடி லிட்டர்.

ஆனால் கிழக்கு கடற்கரை ரோட்டில் விடிவதற்கு முன் பஸ்சுக்கு நிற்பவர்களைப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் தெரியும். வடக்கே கோவளம், வடநெம்மேலி. தெற்கே பட்டிப்புலம், சாலவான்குப்பம், மாமல்லபுரம். ஓட்டல் வேலை, ரிசார்ட்டு வேலை, தோட்ட வேலை, செக்யூரிட்டி, துப்புரவு, டிரைவர் என்று ஆளுக்கு ஒரு வேலை. பலருக்கு வேலை ஓர் இடத்தில். சம்பளம் கொடுப்பவர் வேறொருவர். அவர் கான்ட்ராக்டர்!

இவர்களில் ஒருவரிடம் ஒருநாள், "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? ஓவர்டைம் காசில் துண்டு விழுந்தால்? 30 பேருக்கும் சேர்த்து பி.எப். கட்டாமல் விட்டால்?

டீக்கடையில் உடனே இரண்டு யோசனை கிளம்பும்.

"எல்லாரும் சேர்ந்து கோர்ட்டுல ஒரே கேஸா போடுங்கண்ணே!" என்பது ஒன்று. "முதல்ல சங்கத்துல சேருங்கப்பா!" என்பது இன்னொன்று.

எது சரி? இரண்டு வழியிலும் போனவர்களுக்கு நடந்தது என்ன? எல்லாமே கோர்ட்டு ரிக்கார்டில் இருக்கும் விவரங்கள்.

அமெரிக்காவில் கொட்டடி!

கூண்டோடு கேஸ் போடுவதற்குப் பெயர்போன நாடு அமெரிக்கா. பத்துப் பேர் கோர்ட்டுக்குப் போய், தங்களைப் போன்ற பத்தாயிரம் பேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு கேட்கலாம். மற்றவர்கள் கோர்ட்டுப் படி ஏறவே வேண்டாம். தீர்ப்பு வந்தால் எல்லோருக்கும் பங்கு.

ஆனால் இப்படி எல்லோர் சார்பிலும் நடத்த கோர்ட்டு முதலில் அனுமதி தரவேண்டும். அங்கேதான் சிக்கல்.

2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையை அடித்து நொறுக்கியது. கப்பல், எண்ணெய்த் தளம் பழுது பார்க்கும் ‘சிக்னல் இன்டர்நேஷனல்’ என்ற கம்பெனி, இந்தியாவில் இருந்து வெல்டர்களையும் பைப் பிட்டர்களையும் வரவழைத்தது. சுமார் 500 பேர். ‘கிரீன் கார்டு வாங்கித் தருகிறோம், குடும்பத்தோடு குடியேறலாம்’ என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டினார்கள். தலைக்கு 10 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கினார்கள். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்துப் போனவர்கள் உண்டு.

போய் இறங்கியபோது கையில் இருந்தது தற்காலிக விசா. தங்கியது வேலி போட்ட முகாம். ஒரு கொட்டகையில் 24 பேர் வரை. அதற்கு மாதம் 1,050 டாலர் வாடகை என்று சம்பளத்தில் பிடித்தம்!

2008-ல் கேஸ் போட்டார்கள். ‘எங்களுக்கு மட்டும் அல்ல, எல்லோருக்கும் சேர்த்து விசாரியுங்கள்’ என்று கேட்டார்கள். கோர்ட்டு மறுத்துவிட்டது.

மூட்டை பிரிந்தது. தனித்தனிக் குழுவாகப் பல கேஸ்கள் போடவேண்டி வந்தது. பெரிய பெரிய வக்கீல் கம்பெனிகள் பீஸ் வாங்காமல் வாதாட முன்வந்ததால்தான் அது முடிந்தது.

2015 பிப்ரவரியில் முதல் கேசில் தீர்ப்பு. 5 தொழிலாளர்களுக்கு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டஈடு! அதே வருடம் ஜூலையில் கம்பெனி திவால் மனு போட்டது. மற்ற கேஸ்களையும் சேர்த்து 2 கோடி டாலருக்கு சமரசம் என்று அறிவிப்பு வந்தது. கம்பெனி மன்னிப்பும் கேட்டது.

ஜெயித்தார்கள். ஆனால் கேஸ் போட்டதில் இருந்து 7 வருடம் ஆயிற்று.

வால்மார்ட் கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்கு இதுவும் கிடைக்கவில்லை. சம்பளத்திலும் பதவி உயர்விலும் பாரபட்சம் என்று 2001-ல் கேஸ். சுமார் 15 லட்சம் பெண்கள் சார்பில் என்றார்கள். 10 வருடம் கழித்து, 2011-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, ‘இத்தனை பேரின் குறையும் ஒரே குறை என்று காட்டவில்லை’ என்று சொல்லிவிட்டது. கூண்டோடு போட்ட கேஸ் அதோடு கலைந்தது.

நம் ஊரில் ஷேர்காரருக்கு உண்டு!

நம் நாட்டில் இந்த மாதிரி கேஸ் உண்டா?

உண்டு. 2013-ம் வருட கம்பெனிச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் யாருக்கு? ஷேர் வாங்கியவருக்கும், டெபாசிட் போட்டவருக்கும். அதே கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு இல்லை!

சிவில் கோர்ட்டிலும் ஒரு வழி இருக்கிறது. ஒரே குறை உள்ள பலருக்காக ஒருவர் கேஸ் நடத்தலாம். அதற்கு கோர்ட்டு அனுமதி வேண்டும், மற்றவர்களுக்குத் தெரியும்படி நோட்டீசும் கொடுக்கவேண்டும். ஆனால் தொழிலாளர் சட்டம் கொடுத்த உரிமையைக் கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போனால், ‘அதற்கென்று தனி இடம் இருக்கிறது, அங்கே போங்கள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1975-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த விதி அது.

பொதுநல வழக்கு? அது உதவியது உண்டு. 1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை நடந்தது. குறைந்தபட்சக் கூலி நாள் ஒன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. இடையில் இருந்த மேஸ்திரிகள் அதில் 1 ரூபாய் உருவிக்கொண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் போயிற்று. அதையே வழக்காக எடுத்துக்கொண்டது கோர்ட்டு. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு வந்தது.

ஆனால் எல்லாத் தகராறுக்கும் அந்தக் கதவு திறக்காது. அது ஏழை எளியவர்களின் அடிப்படை உரிமைக்கான கதவு. ஒருவர் டிஸ்மிஸ் சரியா, இன்னொருவர் போனஸ் சரியா என்று அங்கே சாட்சி விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

லட்சம் பேர், ஒரே ஒருவர்!

தமிழ்நாட்டில் கூண்டோடு டிஸ்மிஸ் நடந்தது 2003-ல். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஜூலை மாதம் ஸ்டிரைக் செய்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரேயடியாக வேலை நீக்கம்!

ஐகோர்ட்டுக்குப் போனார்கள். ‘நிர்வாக டிரிப்யூனலுக்குப் போங்கள்’ என்றது ஐகோர்ட்டு. அந்த டிரிப்யூனலிலோ அப்போது இருந்தது ஒரே ஒருவர்.

கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ‘இத்தனை ஆயிரம் பேரை டிரிப்யூனலுக்கு அனுப்பினால் அதனால் நீதி வழங்க முடியாது’ என்பதை அந்தக் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. பெரும்பாலானோருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அதே தீர்ப்பில், ‘அரசு ஊழியர்களுக்கு ஸ்டிரைக் செய்யும் உரிமை இல்லை’ என்றும் எழுதி வைத்தது. வேலை கிடைத்தது, உரிமை போயிற்று என்று இன்றும் சங்கத்துக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

சங்கத்தின் மீதே கேஸ்!

சரி, சங்கம்?

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்தது சென்னையில். 1918 ஏப்ரல் 27. பெரம்பூர் பின்னி மில் தொழிலாளர்களுக்காக ‘மெட்ராஸ் லேபர் யூனியன்’. தலைவர் பி.பி.வாடியா. துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க.

1920-ல் தகராறு முற்றியது. மில் கதவடைப்பு. அப்போது கோர்ட்டுக்கு ஓடியது யார் தெரியுமா? கம்பெனி! ‘ஆட்களைத் தூண்டிவிட்டு எங்கள் வியாபாரத்தைக் கெடுத்தார்கள்’ என்று வாடியா உள்ளிட்ட சங்கத்தினர் மீது நஷ்டஈடு கேஸ். ஐகோர்ட்டு தடை உத்தரவும் போட்டது. கடைசியில் 1921-ல் சமரசம் ஏற்பட்டபோது, வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று.

இந்தக் கேஸ்தான் நாடு முழுவதும் கண்ணைத் திறந்தது. ‘சங்கத்தை நடத்தினால் சொத்து போகுமா?’ என்ற பயம் தீர, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு செய்த சங்கத்தின் மீது, தொழில் தகராறு காரணமாக இப்படிப்பட்ட நஷ்டஈடு கேஸ் போட முடியாது என்ற பாதுகாப்பு அதில் சேர்ந்தது. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது.

‘பதிவு’ என்ற அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு மதிப்பு என்று தெரிய, சுங்குவார்சத்திரத்துக்குப் போகவேண்டும்.

அங்கே சாம்சங் தொழிற்சாலை. 2024-ல் தொழிலாளர்கள் சங்கம் தொடங்கி, பதிவுக்கு மனு கொடுத்தார்கள். கம்பெனியின் பெயரைச் சங்கத்துக்கு வைக்கக்கூடாது என்று ஆட்சேபம் கிளம்பியது. செப்டம்பர் 9-ந் தேதி ஸ்டிரைக் ஆரம்பம். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே. ஐந்து வாரத்துக்கு மேல் நீடித்து அக்டோபர் மத்தியில் முடிந்தது. பதிவு விவகாரம் ஐகோர்ட்டு வரை போயிற்று. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

அதன்பிறகு? சஸ்பெண்டு, மறுபடி போராட்டம் என்று இழுபறி. அதே வருடம் மே மாதம் சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று வருடத்தில் மாதச் சம்பளம் 18 ஆயிரம் ரூபாய் உயரும் என்பது ஏற்பாடு.

நஷ்டஈடு கேஸ் அங்கே யாரும் போடவில்லை. கோர்ட்டில் கேட்டது ஒரு பதிவுச் சான்றிதழ். சம்பளம் வந்தது மேஜையில்.

கையெழுத்து போடாதவருக்கும் பங்கு

இங்கேதான் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் ‘எல்லோருக்கும் சேர்த்து’ என்ற வேலையைக் கேஸ் செய்கிறது. நம் நாட்டில் அதே வேலையைச் சங்கம் செய்கிறது.

தொழிலாளர் துறை சமரச அதிகாரி முன்னால் சங்கமும் மானேஜ்மெண்டும் போடும் ஒப்பந்தத்துக்கு, சங்கத்துக்காரர்கள் பாஷையில் ‘12(3)’ என்று பெயர். பழைய சட்டத்தின் பிரிவு எண் அது. அந்த ஒப்பந்தம் சங்கத்தில் இருப்பவரை மட்டும் கட்டுப்படுத்தாது. சேராதவர், வேறு சங்கத்துக்காரர், நாளைக்குப் புதிதாக வேலைக்கு வருபவர் என்று எல்லோருக்கும் பொருந்தும். யாரும் தனியாகக் கையெழுத்து போட வேண்டியதில்லை.

நல்ல ஒப்பந்தம் என்றால் எல்லோருக்கும் நன்மை. சங்கம் விட்டுக்கொடுத்து மோசமான ஒப்பந்தம் போட்டாலும் எல்லோர் தலையிலும்தான் விழும்! அதனால் ‘எனக்கு எதற்கு சங்கம்?’ என்று ஒதுங்குபவர், தன் சம்பளத்தை அடுத்தவர் பேசட்டும் என்று விட்டுவிடுகிறார்.

சங்கம் கைகொடுக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கேஸ் இருக்கிறது. ‘தி இந்து’ பத்திரிகையின் பம்பாய் நிருபர் ஒருவருக்கு வேலை போயிற்று. பம்பாய் பத்திரிகையாளர் சங்கம் அவருக்காக வாதாடியது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு, ‘அதே நிறுவனத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களின் ஆதரவு இல்லை. இது ஒருவருடைய தனித் தகராறு, தொழில் தகராறு அல்ல’ என்று தள்ளிவிட்டது.

இந்தக் கஷ்டம் தீர, 1965-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை நீக்கம் என்றால் ஒருவர் தனியாகவே போகலாம் என்று வழி பிறந்தது.

இப்போதைய சட்டம் என்ன?

1947-ம் வருட தொழில் தகராறு சட்டமும், 1926-ம் வருட சங்கச் சட்டமும் இப்போது இல்லை. 2020-ல் நிறைவேறிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்துவிட்டது. அதன்படி படிகள் இவை.

முதல் படி: 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குறை தீர்ப்புக் கமிட்டி இருக்கவேண்டும். மொத்தம் 10 பேருக்கு மிகாமல். பாதி தொழிலாளர், பாதி நிர்வாகம். பெண்களுக்கும் இடம் கொடுக்கவேண்டும். குறை ஏற்பட்ட ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். கமிட்டி 30 நாளில் முடிக்கவேண்டும். கமிட்டியில் உள்ள தொழிலாளர் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ளாமல் முடிவு செல்லாது.

இரண்டாவது படி: முடிவு பிடிக்கவில்லை, அல்லது முடிவே வரவில்லை என்றால் 60 நாளுக்குள் சமரச அதிகாரியிடம் போகலாம். எப்படி? ‘தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கத்தின் மூலம்’ என்பது சட்டத்தின் வாசகம்.

அந்த வரியை இன்னொரு தடவை படிக்கவேண்டும். சங்கத்தில் இல்லாத ஒருவர், ஓவர்டைம் குறைக்காகக் கமிட்டிக்குப் போய்த் தோற்றால், அடுத்த படியில் அவரைக் கூட்டிப்போக ஆள் இல்லை!

டிஸ்மிஸ் மட்டும் விதிவிலக்கு. வேலை நீக்கம் என்றால் சங்கம் இல்லாமலே சமரச அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் சமரசம் ஆகவில்லையா? நேரே டிரிப்யூனலுக்குப் போகலாம். ஆனால் வேலை நீக்கம் நடந்த 2 வருடத்துக்குள் போயாக வேண்டும். பழைய சட்டத்தில் இது 3 வருடமாக இருந்தது.

ஸ்டிரைக் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து போன்ற இடங்களுக்குத்தான் நோட்டீஸ் கட்டாயம். இப்போது எல்லாத் தொழில் நிறுவனத்துக்கும் 14 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் வேண்டும். பாதிப் பேர் ஒரே நாளில் லீவு போட்டாலும் அது ஸ்டிரைக் கணக்கு!

கான்ட்ராக்ட் ஆளுக்கு?

இந்தக் கடற்கரை ரோட்டில் இதுதான் பெரிய கேள்வி.

கான்ட்ராக்டர் சம்பளம் கொடுக்காமல் ஓடிவிட்டால், வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் கொடுக்கவேண்டும். 1970-ம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

‘கான்ட்ராக்ட் என்பது வெறும் பேருக்குத்தான். உண்மையில் நான் கம்பெனி ஆள்’ என்றால்? 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்டாலும் தானாக நிரந்தர வேலை கிடைத்துவிடாது. கான்ட்ராக்ட் பொய் என்று நிரூபித்தால் கிடைக்கும். அதை விசாரிக்க வேண்டியது தொழில் தகராறு மன்றம்.

அங்கே நிரூபிக்க என்ன வேண்டும்? ஷிப்ட் போட்டது யார், லீவு கொடுத்தது யார், வேலை சொன்னது யார் என்பதற்குக் காகிதம் வேண்டும். ஒருவர் தனியாக இதைத் தேடினால் கையில் நான்கு சீட்டு இருக்கும். முப்பது பேர் சேர்ந்து தேடினால் ஒரு கட்டு இருக்கும். அந்த மன்றத்தில் சங்கம் உதவுவது கோஷத்தால் அல்ல, இந்தக் கட்டால்தான்.

சங்கம் தொடங்க 7 பேர் போதும். ஆனால் பதிவுக்கு, அங்கே வேலை பார்ப்பவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்கவேண்டும்.

சூபர்வைசர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மேற்பார்வை வேலையில் மாதம் 18 ஆயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர் இந்தச் சட்டப்படி ‘தொழிலாளி’ அல்ல. அவருக்கு இந்தப் படிகள் எதுவும் கிடையாது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வேலை போனபிறகு காகிதம் தேடினால் கிடைக்காது. கேட் பாஸ் பிடுங்கப்பட்டிருக்கும். அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்து வைக்கவேண்டும்.

அடையாள அட்டையின் நகல். சம்பளச் சீட்டு. சம்பளம் ஏறும் பாங்க் கணக்கின் பாஸ்புக். பி.எப்., இ.எஸ்.ஐ. எண்கள். டூட்டி போட்ட நாட்களை எழுதிய ஒரு நோட்டு. வேலை உத்தரவு செல்போனில் வந்திருந்தால் அதன் நகல். மனு எதைக் கொடுத்தாலும் ஒரு பிரதியில் தேதியோடு கையெழுத்து, இல்லாவிட்டால் பதிவுத் தபால் ரசீது.

வாய்ப்பேச்சில் ‘வராதே’ என்று நிறுத்தினாலும், அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு, ‘வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை’ என்று எழுத்தில் அனுப்பவேண்டும். ‘அவரே வேலைக்கு வரவில்லை’ என்று பிறகு யாராவது சொன்னால், பதில் சொல்லப்போவது அந்த ஒரு கடிதம்தான்.

குறை என்றால் 1 வருடம். கமிட்டி முடிவின் மேல் போக 60 நாள். டிஸ்மிஸ் என்றால் 2 வருடம். இந்த மூன்று கெடுவையும் டூட்டி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நியாயம் யார் பக்கம் என்று விசாரிப்பதற்கு முன்னால், மனு எந்தத் தேதியில் வந்தது என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.